காரில் பழைய ஸ்டிக்கர் பசையை எடுக்க

பழைய கார் வாங்கினேன். டிக்கியில் 'அன்னையின் ஆசி' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்ததும் எழுத்து போனது, பசை அப்படியே நின்றது. சென்னை வெயிலில் பல வருடம் வெந்த பசை லேசில் வராது.

முதலில் காரை நிழலுக்குக் கொண்டு போங்கள். காலை ஏழு மணிக்குள் என்றால் நல்லது. தகரம் சுடச்சுட இருந்தால் தடவுவது சீக்கிரம் காய்ந்துவிடலாம். தூசியைக் கழுவித் துடைத்த பிறகு, முடி உலர்த்தும் டிரையரை ஓர் அங்குலமாவது தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். பசை இளகியதும் காலாவதியான ஏடிஎம் கார்டால் மெல்லத் தள்ளலாம். பிளேடு வேண்டவே வேண்டாம்.

மிச்சத்துக்கு டிரையரை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெயோ டபிள்யூடி-40 என்ற துரு நீக்கும் ஸ்ப்ரேயோ தடவி ஐந்து, பத்து நிமிடம் ஊற விடுங்கள். இரண்டாவது தீப்பற்றக்கூடியது, அதனால்தான் டிரையரை முதலில் அணைக்கச் சொன்னேன். மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்தால் உருண்டு உருண்டு வரும். வராவிட்டால் மறுபடி தடவுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள்.

பெயிண்ட் கடை தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டும் வேண்டாம், பெயிண்டையே கரைக்கும். மறுபெயிண்ட் அடித்த கார் என்றால் இன்னும் கவனம். எண்ணெயோ டபிள்யூடி-40யோ, எதுவானாலும் கண்ணில் படாத மூலையில் முதலில் சோதியுங்கள். அப்புறம் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, அந்த இடத்துக்கு மட்டும் வேக்ஸ்.

எல்லாம் முடிந்தும் எழுத்தின் நிழல் தெரிகிறதா? அது பசை இல்லை. சுற்றியுள்ள பெயிண்ட் வெளுத்திருக்கிறது.