கடலோர நடைப்பயணம் நடத்தப் போகிறீர்களா? முதலில் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பகலில் கடற்கரை வழியே ஆட்களை அழைத்துப் போவதும், சாயங்காலம் அவர்களைப் பத்திரமாக விடுதியில் கொண்டு சேர்ப்பதும் என் வேலை. இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் விடுதிக் கட்டடத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எந்த மரம், எத்தனை சூரியத் தகடு, ஜன்னல் கடலைப் பார்த்து இருக்கலாமா? அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். யார் முன்னால் நடப்பார், யார் பின்னால் வருவார், தண்ணீர்த் தொட்டியை யார் பார்ப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒரு குழுவுக்கு இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். பத்துப் பேருக்கு மேல் போனால் இரண்டு பேரும் போதாது என்பது என் கருத்து.

முன்னால் நடப்பவருக்குக் கடலும் கடிகாரமும் கைவசம் இருக்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் கடல்நீர் உச்சத்துக்கு ஏறும் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று தாண்டிய பாறை முனையை நாளை அதே நீர்மட்டத்தில் தாண்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாகப் போக வேண்டும். தண்ணீர் ஒரே சீராக ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், மணிக்கு மணி 1, 2, 3, 3, 2, 1 என்று பங்கு ஏறும். மூன்றாவது, நான்காவது மணியில் மட்டுமே பாதித் தண்ணீர் வந்துவிடுகிறது. முதல் மணி நேரத்தில் கணுக்காலைத் தொட்டதைப் பார்த்து ‘இவ்வளவுதானே’ என்று நினைப்பவரை முன்னால் நடக்க விடாதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையில் இது இருக்காது.

நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இது: தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பாறை முனையைத் தாண்டுங்கள். அப்போது தாமதமானாலும் பாதை இன்னும் திறந்துகொண்டே போகும். பாறையில் கால் வைப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவில் கடல் அமைதியாகத் தெரியும். பாறை ஈரமாக இருந்தால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். ‘இன்று இந்த வழி வேண்டாம்’ என்று வழிகாட்டி சொன்னால் முதலாளி மறுபேச்சுப் பேசக்கூடாது. இதை வேலைக்குச் சேர்க்கும் அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பின்னால் வருபவரை உதவியாள் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதிக அனுபவம் உள்ளவரைத்தான் பின்னால் விட வேண்டும். முதல் நாள் யாரும் ‘வலிக்கிறது’ என்று வாய் திறக்க மாட்டார்கள். குதிகாலைக் கொஞ்சம் தூக்கி வைப்பார்கள், அரட்டையை நிறுத்திவிடுவார்கள். பின்னால் இருப்பவருக்குத்தான் அது தெரியும். தெரிந்தவுடன் நிறுத்த வேண்டும். காலணியைக் கழற்றி, காலுறையை உள்பக்கம் வெளியாகத் திருப்பி மணலை உதறி, தோலை நன்றாகத் துடைத்து உலர விட்டு, சிவந்த இடத்தில் மட்டும் சுருக்கமில்லாமல் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. கொப்புளம் வந்தபின் செய்தால் மறுநாள் அவர் நடக்க முடியாமல் போகலாம். அப்புறம், கரை ஒரு பக்கமாகச் சரிந்திருப்பதால் ஒரே இடுப்பும் ஒரே முட்டியும் பாரம் தாங்கும். சரிவு குறைந்த ஈர மணலாகப் பார்த்து நடத்துவதும் அவர் பொறுப்புதான். உப்புக்கொத்தி, சிப்பிபிடிப்பான் போன்ற கரைப் பறவைகள் ஏற்றக் கோட்டுக்கு மேலே வெறும் மணலில் முட்டையிடும். அந்த முட்டைகள் கூழாங்கல் மாதிரியே கிடக்கும். ஈர மணலில் நடந்தால் காலுக்கும் நல்லது, முட்டைக்கும் நல்லது.

அந்தக் கரை யாருடையதோ, அவர்களைச் சேர்க்காமல் இந்தத் தொழிலைத் தொடங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவிலுள்ள ‘பே ஆஃப் ஃபயர்ஸ்’ (தீக்களின் விரிகுடா) கரைக்கு அந்தப் பெயர் வைத்தவர் டோபியாஸ் ஃபர்னோ என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர். 1773இல் கப்பலில் இருந்தபடி கரையில் பழங்குடி மக்கள் மூட்டிய தீயைக் கண்டு வைத்த பெயர் அது. அதே வட்டாரத்தில் 2018இல் தொடங்கிய ‘வுக்கலினா’ நடையைப் பலவா பழங்குடியினரே நடத்துகிறார்கள், வழிகாட்டிகளும் அவர்களே. கப்பலிலிருந்து தீயை மட்டும் பார்த்தவர் சொல்வதும், அந்தத் தீயைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சொல்வதும் ஒன்றாகுமா? பழங்குடி மக்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்த பழைய மேடு ஒன்று வழியில் வந்தால், அதில் கால் படாமல் எப்படிச் சுற்றிப் போவது, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதற்கான சம்பளமும் அவர்களுக்குப் போக வேண்டும்.

இனி விடுதி. சமையல்காரரைத் தேடுவதற்கு முன் கழிப்பறையையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்பவரைத் தேடுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்குப் பத்து மில்லிமீட்டர் மழையில் அதிகபட்சம் 1000 லிட்டர் கிடைக்கும். கடலோரக் கூரையில் உப்பும் பறவை எச்சமும் படிந்திருப்பதால் முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. தினமும் தொட்டியில் கோலை விட்டு அளந்து, அளவைப் பலகையில் எழுத ஓர் ஆள் வேண்டும். தண்ணீரில்லாக் கழிப்பறை நாறினால் பெரும்பாலும் உள்ளே ஈரம் அதிகமாகியிருக்கும், அல்லது காற்றுக் குழாய் அடைத்திருக்கும். ஒவ்வொருவரும் போனபின் ஒரு கைப்பிடி மரத்தூள் போட வேண்டும் என்று முகம் சுளிக்காமல், வெட்கப்படாமல் விருந்தினர்களுக்குச் சொல்லத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுங்கள். வழிகாட்டிக்குத் தரும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள். விடுதி நிற்பதே அவர் கையில்தான்.

சமையலைப் பற்றி ஒன்றே ஒன்று. யாருக்கு எது ஒவ்வாது என்ற பட்டியல், நடப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே அடுப்படிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

இவர்கள் எல்லோரையும் இணைப்பது சாயங்காலப் பேச்சு. வந்து சேர்ந்ததும் வழிகாட்டிகளும் விடுதி ஆட்களும் பத்து நிமிடம் தனியாக உட்காரட்டும். யாருக்குக் கால் வலி, யார் சரியாகச் சாப்பிடவில்லை, தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, நாளை எத்தனை மணிக்கு வற்றம். இந்த நான்கும் பேசியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இந்தப் பழக்கமே கிடையாது. முதல் நாள் முழுக்க நொண்டியவருக்கு மறுநாள் காலையில் நீண்ட பாதையைக் காட்டி அனுப்பினார்கள்.

ஆள் எடுக்கும்போது நேர்காணலை அறையில் வைக்காதீர்கள். வேலை கேட்டு வந்தவர்களைச் சேர்த்து ஒரு ஓடையைத் தாண்ட விடுங்கள். தாண்டிப் போய்விட்டு, பின்னால் வருபவருக்காகத் திரும்பி நிற்பவரைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்டு முதலுதவியும் ஓதக் கணக்கும் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே எல்லோரையும் வரவழைத்து, ஊழியர்களையே விருந்தினர்களாக்கி முழு நடையையும் ஒருமுறை நடத்திப் பாருங்கள். அந்த நடையில் முதலாளியும் மூட்டை தூக்கிக்கொண்டு வர வேண்டும். கடைசி நாள் கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.