படிமமா, குறியீடா? கதையில் கண்டுபிடிப்பது எப்படி

உவமை, உருவகம் எல்லாம் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம். நேரே கதைக்குப் போவோம்.

நான்கைந்து பக்கச் சிறுகதை ஒன்றை அச்சுப் புத்தகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பென்சில் போதும். ஹைலைட்டர் வேண்டவே வேண்டாம். பக்கம் முழுக்க மஞ்சளாகி, எது முக்கியம் என்பதே மறைந்துவிடும். முதல் தடவை கோடு போடாமல் படியுங்கள்.

இரண்டாம் தடவை, கதை யாருடைய மனதுக்குள் போய்வருகிறது என்று பார்த்து, ஓரத்தில் அந்தப் பாத்திரத்தின் பெயரை எழுதுங்கள். அதுதான் நோக்குநிலை. 'அவன்', 'அவள்' என்று படர்க்கையில் சொன்னாலும் பெரும்பாலும் ஒருவர் மனம்தான் திறந்திருக்கும்.

அப்புறம் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் எட்டுகிற வரிகளுக்கு அடிக்கோடு. அவை படிமங்கள். குறுந்தொகை 40ஆம் பாட்டின் செம்புலப் பெயல்நீர் இலக்கணப்படி உவமை. செம்மண்ணில் கலந்து சிவக்கும் மழைநீர் கண்ணில் தெரிவதால் படிமமும்கூட. எழுதியவரின் பெயர் தெரியாமல் போய், அந்த நீரே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராகி நிற்கிறது.

நான் சிக்கிக்கொண்டது குறியீட்டில், அதாவது கதையில் வரும் ஒரு பொருள் தன்னைத் தாண்டி வேறொன்றையும் சுட்டி நிற்பதில். மழை வந்தால் சோகம், காகம் வந்தால் சாவு என்று ரொம்ப நாள் குறித்து வைத்தேன். "அந்த மழையை எடுத்துட்டா கதையில என்ன குறையும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒன்றும் குறையவில்லை. அந்தக் கேள்விதான் இன்றுவரை என் சோதனை.

ஒரு வரி எழுதிப் பார்க்கிறேன்: 'திண்ணையில் அப்பாவின் செருப்பு. கட்டைவிரல் பதிந்த இடம் மட்டும் கறுத்துப் பளபளத்தது.' இது படிமம். அப்பா போன பிறகும் அம்மா தினமும் அதைத் துடைத்து, வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறாள். வேலை கிடைத்த அன்று மகன் அதில் கால் நுழைக்கிறான், உடனே எடுத்துவிடுகிறான். இப்போது செருப்பு குறியீடாகிவிட்டது. திரும்பத் திரும்ப வந்தது, வரும்போதெல்லாம் கனம் கூடியது, எடுத்துவிட்டால் கதை நிற்காது. மூன்றும் பொருந்தினால்தான் ஓரத்தில் 'கு' என்று போடுவேன்.

முரண்நகை என்றால் சொல்வது ஒன்று, நிஜம் அதற்கு நேர்மாறு. அதற்கு, புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகரம்' ஒன்றே போதும். தலைப்பில் பொன், உள்ளே வறுமை. கடைசி வரியில் அந்தத் தலைப்பு திரும்ப வரும்போது எப்படிச் சுடுகிறது என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: உள்ளுறையும் (சங்கப் பாட்டில் இயற்கைக் காட்சிக்குள் மறைத்துச் சொல்லும் பொருள்) குறியீடும் ஒன்றா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொந்தக்காரர்கள்தான், ஆனால் ஒன்றில்லை. தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை, தெய்வம் தவிர்த்த கருப்பொருளிலிருந்துதான் பிறக்க வேண்டும்: அந்தந்த நிலத்து மரம், பறவை, விலங்கு இப்படி. சிறுகதைக்கு அந்த எல்லை இல்லை. தெருக்குழாயடியில் காத்திருக்கும் பிளாஸ்டிக் குடம்கூடக் குறியீடாகலாம், அந்த மூன்று கேள்விக்கும் தாங்கினால்.