முதல் கார் வாங்கப் போகிறீர்களா?

லைசென்ஸ் வந்த கையோடு கார் தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, இருக்கிற பணம் முழுவதையும் காரின் விலைக்கே கொட்டிவிடுவது. இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, சர்வீஸ் எல்லாம் அப்புறம்தான் வரிசையில் வந்து நிற்கும். இளம் ஓட்டுநர் என்றாலே பல நாடுகளில் பிரீமியம் கூடுதல். அதனால் பிடித்த மாடலுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். சின்ன எஞ்சின், உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கிற சாதாரண மாடல். என் ஓட்டு அதற்குத்தான். முதல் வருடம் பம்பரில் எப்படியும் கீறல் விழும்!

பழைய கார் என்றால் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். பானெட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? ஸ்டார்ட் ஆகத் திணறும் வண்டியை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளுத்த, நுரைத்த பசை மாதிரி ஒட்டியிருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் ஆயிலுக்குள் கசிகிறதோ என்னவோ. மெக்கானிக்கிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத் தேதிக் குறியைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. தரையில் படும் பட்டன் தேயாமல் பளிச்சென்று இருந்தாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும். விலையைக் குறைத்துக் கேட்க இது நல்ல பிடி.

ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பாட்டுப்பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.