கம்யூனிஸ்ட் ஆட்சிக்குப் பிந்தைய தீர்ப்புகளைப் படிக்க ஆரம்பிப்பது எப்படி?

பத்து நாடுகளை ஒரே மூச்சில் தொடாதீர்கள், குழம்பிப் போவீர்கள். இரண்டு தீர்ப்புகள் போதும்: ஹங்கேரி அரசியல் சாசன நீதிமன்றத்தின் 11/1992, செக் அரசியல் சாசன நீதிமன்றத்தின் 19/93. கேள்வி ஒன்றேதான்: பழைய ஆட்சி வழக்குப் போடாமல் விட்ட குற்றங்களை, காலம் கடந்த பிறகு புதிய அரசு தண்டிக்கலாமா? பதில் நேரெதிர்.

முதலில் தீர்ப்பை மூடி வைத்துவிட்டுச் சட்டத்தைப் படியுங்கள். ஹங்கேரி நாடாளுமன்றம் 1991 நவம்பரில் நிறைவேற்றிய சட்டம், 1944 டிசம்பர் 21 முதல் 1990 மே 2 வரை நடந்த கொலை, தேசத்துரோகம் போன்ற குற்றங்களில், அரசியல் காரணத்தால் வழக்கே போடாமல் விட்டவற்றுக்குக் கால வரம்பை, அதாவது வழக்குப் போடச் சட்டம் தரும் கெடுவை, புதிதாகத் தொடங்கியது. கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான 1956 மக்கள் எழுச்சியின்போது கூட்டத்தைச் சுட்டவர்களைத் தண்டிக்க அதுதான் வழி. அதில் கையெழுத்துப் போடாமல் நீதிமன்றத்துக்கு அனுப்பியவர் குடியரசுத் தலைவர் அர்பாத் கோன்ஸ், அதே 1956-க்காக ஆயுள் தண்டனை பெற்று 1963 வரை சிறையில் இருந்தவர். இந்த இடத்தைத் தாண்டி ஓடாதீர்கள்.

அப்புறம் தீர்ப்பைத் திறந்து, பழைய ஆட்சியின் சட்டத்தை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பதை மட்டும் தேடுங்கள், முடிவு தானாகப் புரியும். ஹங்கேரி சொன்னது: ஆட்சி மாற்றம் சட்டப்படியே நடந்தது, பழைய சட்டமும் சட்டம்தான், காலாவதியான வழக்கை அரசு திரும்பத் தோண்ட முடியாது, சட்டத்தின் ஆட்சியை மீறிச் சட்டத்தின் ஆட்சியைக் கட்ட முடியாது. சட்டம் ரத்து. செக் நீதிமன்றமோ, அரசே குற்றவாளிக்குக் காவல் நின்ற காலத்தில் கால வரம்பு ஓடியதாகச் சொல்வதே பொய்க்கணக்கு என்றது. 1948 பிப்ரவரி 25 முதல் 1989 டிசம்பர் 29 வரையான கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம் கால வரம்புக் கணக்கில் வராது என்ற செக் சட்டம் நின்றது.

என் மனசு செக் பக்கம்தான். 1956-இல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் 33 வருடம் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுத்திருப்பாள்? ஆனால் கோன்ஸ் ஏன் தயங்கினார் என்பதற்குப் பதில் சொல்லாமல் அந்தப் பக்கம் சாய்வது சரியில்லை.

ஹங்கேரியை 1992-உடன் நிறுத்திவிடாதீர்கள். 1993-இலேயே அதே நீதிமன்றம், சர்வதேசச் சட்டப்படி போர்க்குற்றம், மானுடத்துக்கு எதிரான குற்றம் என்றால் கால வரம்பு கிடையாது என்று வழிவிட்டது. அந்த வழியில் தண்டனை பெற்ற ஒரு முன்னாள் ராணுவ அதிகாரியின் வழக்கில், 2008-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவருடைய உரிமை மீறப்பட்டதாகச் சொன்னது. இதையும் படித்த பிறகு, தப்பியோடியவர்களைச் சுட்ட பெர்லின் சுவர்க் காவலர்கள் பற்றிய 1996 ஜெர்மன் தீர்ப்புக்குப் போகலாம்.