90 கி.மீ. சைக்கிளில் கடைசி 30 சரியாமல் இருக்க

60 தாண்டியதும் வேகம் விழுந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். ஆடியில் கும்பகோணத்திலிருந்து திருவையாறு நோக்கிப் போனால் மேல்காற்று மார்பில் அறையும். காற்றுத்தடை வேகத்தின் இருமடியாக ஏறும். அங்கே மணிக்கு 30 கி.மீ. பிடிக்கப் போனால் திரும்பும்போது கால் இருக்காது. இதயத்துடிப்பை நிலையாக வைத்து, வேகத்தை அதன் போக்கில் விட்டதும் எனக்குச் சரியானது.

வாரம் ஒருமுறை, நீள ஓட்டத்தின் நடுவே 15 நிமிடம் மூன்று தடவை அழுத்தி மிதியுங்கள், இடையில் 5 நிமிடம் தளர்வு. அழுத்தும்போது துண்டுதுண்டாகத்தான் பேச முடிய வேண்டும். பெடல் நிமிடத்துக்கு 85–90 சுற்று.

டெல்டாவில் இறக்கமே கிடையாது, கால் ஓயாது. அதனால் 10 நிமிடத்துக்கொருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து: 750 மி.லி. தண்ணீரில் 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, கூடவே ஒரு வாழைப்பழம். பசிக்கும்வரை காத்திருக்காமல் 20-ஆவது நிமிடத்திலேயே தொடங்கிவிடுங்கள்.