16 அங்குலக் கணக்கு: சின்ன மர அறைக்குத் தரையும் சுவரும்

செங்கல் வீட்டில் வளர்ந்த நமக்கு, கனடாவில் வீடு கட்டுவதை முதன்முதலில் பார்த்தால் தீப்பெட்டி ஒட்டுகிற மாதிரி இருக்கும். தரையை ஒரு மேடைபோல அடித்து முடித்துவிட்டு, அதன்மேலேயே சுவரைப் படுக்கவைத்துக் கோத்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்துகிறார்கள். போன கோடையில் எங்கள் கொல்லைப்புறத்தில் 8 x 12 அடியில் ஓர் அறை இப்படித்தான் கட்டினேன். அந்த அளவையே வைத்துச் சொல்கிறேன். அனுமதி வேண்டுமா என்று முதலில் நகராட்சியில் கேட்டுவிடுங்கள்.

கடையில் ‘டூ பை ஃபோர்’ என்று விற்கும் மரம் 2 அங்குலமும் இல்லை, 4 அங்குலமும் இல்லை. காய்ந்து, இழைத்து வருவது 1½ x 3½. ‘டூ பை சிக்ஸ்’ 1½ x 5½. பெயரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது 16. பிளைவுட் பலகை 48 x 96 அங்குலம். இரண்டும் 16-ஆல் வகுபடும். சட்டங்களை நடுவுக்கு நடு 16 அங்குலம் வைத்தால், பலகையின் விளிம்பு எப்போதும் ஒரு சட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். பக்கத்துப் பலகைக்கும் ஆணியடிக்க முக்கால் அங்குலம் மிஞ்சும்.

சரி, தரை. ஜல்லி பரப்பி மட்டம் பார்த்து வைத்த கட்டைகளின்மேல் 12 அடி ஓரச் சட்டங்கள் இரண்டையும் வையுங்கள். டேப்பைப் பிடித்து 15¼ அங்குலத்தில் ஒரு கோடு, அப்புறம் 16, 16 ஆகக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும், டேப் தொடங்கிய முனைக்கு எதிர்ப்பக்கத்தில் பெருக்கல் குறி போடுங்கள். ஜாயிஸ்ட் எனப்படும் தரைச் சட்டம் அதன்மேல்தான் நிற்கும். ஏன் 15¼? சட்டத்தின் பாதித் தடிமனான முக்கால் அங்குலத்தைக் கழித்தால்தான் நடு 16-இல் விழும். இரண்டு முனைகளையும் சேர்த்து 10 ஜாயிஸ்ட் வரும். ஒவ்வொன்றும் 93 அங்குலம், ஏனென்றால் 96-இல் இரண்டு ஓரச் சட்டங்கள் 3 அங்குலம் தின்றுவிடும்.

ஆணியடிக்குமுன் ஒவ்வொரு மரத்தையும் ஒற்றைக் கண்ணால் நீளவாட்டில் பாருங்கள். லேசாகக் கூன் இருக்கும். கூன் மேலே இருக்கட்டும், ஆள் நடக்க நடக்கப் படியும். மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் தரைக்கு மருந்தேற்றிய மரம்தான். அந்த மருந்திலுள்ள செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும், அதனால் சூடான துத்தநாகத்தில் தோய்த்த ஆணி வாங்குங்கள்.

சட்டம் முடிந்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால்தான் மூலை சரி. நீளமான மூலைவிட்டத்தின் மூலையைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சரிக்கட்டலாம். அதற்குப் பிறகே முக்கால் அங்குலப் பிளைவுட். பலகையின் நீளவாட்டம் ஜாயிஸ்டுக்குக் குறுக்கே ஓடட்டும், இணைப்புகள் ஒரே கோட்டில் வரவேண்டாம். நடுவில் நீளமாக ஓடும் இணைப்புக்கு அடியில் ஜாயிஸ்டுகளுக்கிடையே துண்டு மரம் கொடுங்கள். பலகைக்கும் பலகைக்கும் ⅛ அங்குலம் இடைவெளி, ஈரத்தில் உப்பும்.

இனி சுவர். 12 அடிச் சுவர் முழு நீளத்துக்கு ஓடும். 8 அடிச் சுவர் அவற்றுக்கிடையில் நிற்பதால் 89 அங்குலம்தான். சுவரின் அடியிலும் மேலும் கிடையாக ஓடும் சட்டங்களுக்குப் பிளேட் என்று பெயர். அடி பிளேட்டையும் மேல் பிளேட்டையும் ஒட்டிப் படுக்கவைத்து, ஒரே கோடாக இரண்டிலும் குறியுங்கள். பிரித்து நடுவில் 92⅝ அங்குல ஸ்டட்களை, அதாவது சுவரில் செங்குத்தாக நிற்கும் சட்டங்களை, வையுங்கள். இந்த அளவில் அறுத்தே விற்கிறார்கள். பிளேட் வழியாக ஒவ்வொரு முனையிலும் 3½ அங்குல ஆணி இரண்டு.

நான் சறுக்கியது குட்டைச் சுவரில். அங்கேயும் 15¼ என்று ஆரம்பித்துவிட்டேன். வெளிப்பலகையோ நீளச் சுவரின் வெளி முகத்திலிருந்து தொடங்குகிறது. அந்தச் சுவரின் தடிமனான 3½ அங்குலத்தைக் கழித்து முதல் கோட்டை 11¾-இல் போட்டிருக்கவேண்டும். பலகையின் விளிம்பு அந்தரத்தில் தொங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆணி பிடுங்கினேன்.

32 அங்குலக் கதவுக்கு 34 அங்குல அகலத் திறப்பு விடுங்கள். இரண்டு பக்கமும் முழு உயர ஸ்டட், அதை ஒட்டிக் குட்டை ஸ்டட், குட்டை ஸ்டட்களின்மேல் ஹெடர். ஹெடர் செய்வது நம்மூர் லிண்டலின் வேலைதான்: கூரைப் பாரத்தை வாங்கிப் பக்கத்தில் இறக்குவது. இரண்டு டூ பை சிக்ஸுக்கு நடுவில் அரை அங்குலப் பிளைவுட் வைத்தால் சரியாகச் சுவரின் தடிமன், 3½.

மூலைவிட்டம் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். தனியாக முயலவேண்டாம். நின்றதும் சாய்வாக ஒரு முட்டு அடித்து, ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக்கிய பிறகே கையை எடுக்கலாம். நாலு சுவரும் நின்றபின் மேலே இரண்டாவது பிளேட், மூலைகளில் பக்கத்துச் சுவர்மேல் ஏறுமாறு. அதுதான் சுவர்களை ஒன்றோடொன்று பூட்டுகிறது.

வாசலுக்குள் ஓடும் அடி பிளேட்டைக் கடைசியில்தான் அறுத்தெடுக்கவேண்டும், அதுவரை திறப்பின் அகலத்தைப் பிடித்துவைப்பது அதுதான். அதற்குள் நாலைந்து தடவை காலில் தடுக்கும்.