வல்வெட்டித்துறையில் பெட்டி வைக்காதீர்கள்

யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான வல்வெட்டித்துறையைப் பிள்ளைகளுக்கு நடந்து காட்டப்போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே வெளிக்கிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் பிள்ளைகள் வரமாட்டார்கள். உறவுக்காரர் யாராவது இடியப்பத்துக்கு இருத்திவிட்டால் நீங்களும் எழும்பமாட்டீர்கள்.

நான் போனது ஜியோகேஷிங் விளையாட. கனடாவில் சனிக்கிழமைகளில் மகளோடு விளையாடுவது. ஒருவர் சின்னப் பெட்டியொன்றை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடியெடுத்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு அங்கேயே வைப்பார்கள். 2000 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய விளையாட்டு. அந்த மே மாதம் நாங்கள், முந்தின மாதம் விழுந்த ஆனையிறவு இராணுவ முகாமின் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம்.

வழி சுலபம். சிவன் கோவிலில் தொடங்குங்கள். கப்பல் வைத்திருந்த வேங்கடாசலம்பிள்ளை கட்டிய கோவில். கடலோடிய காசு எங்கே போனது என்று பிள்ளை கேட்டால் காட்டலாம். பிறகு முத்துமாரியம்மன் கோவில் பக்கமாகக் கரைக்கு இறங்குங்கள். கரையில் கைப்பேசியை மடித்துவைத்துவிட்டு, வலை பொத்துகிற வயதானவர்களோடு கதையுங்கள். ஒருவர் மணலில் கப்பலைக் கீறி அடிமரம் ஏரா, முன்பக்கம் அணியம், பின்பக்கம் கடையார் என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடிப்பதை வெறுங்கையால் நடித்தே காட்டினார். உளி பிடித்த கை நடுங்கியது. தட்டின தாளம் பிசகவில்லை.

அன்னபூரணியின் கதையை அங்கே நின்றுதான் சொல்லவேண்டும். அந்தக் கரையில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். ஊர் மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாக ஓட்டிப்போய், 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். "பேரை ஏன் மாத்தினவை?" என்று மகள் கேட்டாள். கனடா போன வருடமே அப்பாவின் பெயரைப் பாதியில் வெட்டியவன் நான். இளநீர் வேணுமா என்று கேட்டு வேறு பக்கம் திருப்பினேன்.

இனி நான் செய்த மடைத்தனம். சாப்பாட்டுப் பெட்டி ஒன்றுக்குக் கறுப்பு ரேப் சுற்றி, கொப்பியும் பென்சிலும் போட்டு, கரையோர மதில் இடுக்கில் பின்னேரம் செருகினேன். பெட்டி வைக்கிறவர் தூர தேசத்துக்காரர் என்றால், அதைப் பராமரிக்க ஊரில் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விளையாட்டின் விதி. கேளாமல் கொள்ளாமல் மாமாவின் பெயரையும் நம்பரையும் கொப்பியில் எழுதிவிட்டேன்.

விடிய ஆறரைக்கு வீதியை மறித்துவிட்டார்கள். எட்டு மணிக்கு மாமாவின் படலையில் சீருடை நின்றது. மாமி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "இந்த ஊரில மதிலுக்கை கறுப்புப் பெட்டி வைக்கிறதோ தம்பி?"

பெட்டி என்னுடையது என்று நானே போய்ச் சொன்னேன். ஓர் அலுவலக வாங்கில் பத்து மணியிலிருந்து நாலரை வரை இருந்தோம். பெட்டிக்குள் விளையாட்டு என்றால் பந்து எங்கே என்று கேட்டார்கள். பிடித்தால் என்ன பரிசு என்று கேட்டார்கள். பரிசில்லை, பெயர் எழுதலாம் என்றேன். யாருடைய பெயர்? வருகிறவர்களுடைய பெயர். யார் வருவார்கள்? தெரியாது. அந்தத் 'தெரியாது' இரண்டு மணித்தியாலம் எடுத்தது. எழுபத்திரண்டு வயது மாமா கலியாண வீட்டுக் களிசானைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. நீரிழிவுக் குளிசை எடுக்கும் நேரத்தை மட்டும் சுவர் மணிக்கூட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படி மாட்டினால் ஒன்று செய்யுங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டினால் தமிழில் தரும்படி கேளுங்கள். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் போதும் என்று கையெழுத்து வைத்தேன்.

ஆகவே பெட்டி வேண்டாம். கோவில், கரை, சந்தி மூன்றையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். கப்பல் எத்தனை அடி? எந்த ஆண்டு போய்ச் சேர்ந்தது? வந்த இலக்கங்களைக் கூட்டிப் பெருக்கி அடுத்த இடத்தைப் பிள்ளையே பிடிக்கட்டும். காவல் நிலைகளைப் படம் பிடிக்காதீர்கள். உறவுக்காரர் பெயரை எங்கேயும் எழுதாதீர்கள். நீங்கள் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவீர்கள்; விசாரிக்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது மாமி.

நாங்கள் கனடா வந்தபிறகு மூன்று தரம் விசாரிக்க வந்தார்களாம். அதை மாமா சொல்லவில்லை, மச்சாள் சொன்னா. போன மாதம் மாமாவே வாட்ஸ்அப்பில் எடுத்தார். பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டார்களாம். சான்றுப்பொருள் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் ஐந்து பேர் திகதி போட்டு ஒப்பம் வைத்திருக்கிறார்களாம். மகள் பக்கத்திலிருந்து துள்ளினாள், அஞ்சு பேர் கண்டுபிடிச்சிட்டினம் என்று.

"இதை நான் இனி எங்கையடா வைக்கிறது?" என்றார் மாமா.